கிழக்குக் கிண்ணம்

மதியம் ஒன்றே முக்கால் மணி... கடலுக்குள் நீளும் தடுப்புச் சுவரின் மேல் ஒரு வண்டி மட்டும் போகிற பாதை. இரண்டு பக்கமும் மூடுபனி. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. என்ன முழிக்கிறீர்கள்? பேய்க்கு நள்ளிரவுதான் ஆகும் என்று யார் சொன்னது, அது கடிகாரம் பார்த்தா வருகிறது? மூலையில் இருக்கிறவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

என் நண்பனின் தாய்மாமாவுக்கு நடந்தது இது. துறைமுகத்தில் அவருக்குப் பேர் காத்தாடி. கடலுக்குள் காற்றாலை நட வந்த கம்பெனியில் காற்றை அளப்பது அவர் வேலை. சிரிக்காதீர்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதெல்லாம் நமக்கு. வங்கிக்காரர்கள் அதற்கெல்லாம் மயங்கமாட்டார்கள். நடப்போகும் இடத்திலேயே ஒரு வருஷம் காற்றை அளந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு வரியாகப் பதிந்து காட்டினால்தான் கடன். நடுவில் ஓட்டை அதிகம் விழுந்தால் கடனும் இல்லை, காற்றாலையும் இல்லை.

அதற்காகக் கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, நூறு மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். இருபது மீட்டருக்கு ஒரு ஜோடிக் கிண்ணங்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. காற்றடித்தால் சுற்றும். ஏணி கிழக்குப் பக்கம் மட்டும்தான். அதில் ஆள் ஏறினால் அவன் உடம்பு காற்றை மறைக்கும், பக்கத்துக் கிண்ணம் மெதுவாகிவிடும். காற்று நிழல் என்பார்கள். ஆகவே யார் ஏறினாலும் நேரத்தைப் புத்தகத்தில் எழுதவேண்டும், அந்த வரிகளைக் கணக்கிலிருந்து வெட்டிவிடவேண்டும். அதுதான் அவர்கள் தொழிலின் முறை.

கம்பத்தில் ஏறுகிறவர் காத்தாடியின் தங்கை புருஷன். அதாவது, என் நண்பனின் அப்பா.

ஒரு மாதத்துக்கு முன்னால் உச்சியில் மேற்குக் கிண்ணம் இறுகி நின்றுவிட்டது. அலை பெரிது, படகு போகத் தடை. நாளுக்கு நாள் ஓட்டை விழுகிறது. காத்தாடிக்குத் தூக்கம் போயிற்று.

"மாப்பிள்ளை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஏறிடுங்க. புத்தகத்துல எழுத வேணாம்."

"நீங்க சொல்லி நான் என்னிக்கு மச்சான் மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

வழக்கம்போலக் கையுறைக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டு போனார். படகுக்காரர் கீழே காத்திருந்தார். அன்றைக்கும் மூடுபனி. மேலே எதுவும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து... தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

தடையை மீறி ஆளை அனுப்பியது தெரிந்தால் கதை கந்தல். படகுத்துறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று காத்தாடியும் படகுக்காரரும் பேசிவைத்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் வரிகள் இருந்தனவே! இரண்டு பத்துக்கு இருபது மீட்டரில் கிழக்குக் கிண்ணம் குறைகிறது. இரண்டு இருபதுக்கு நாற்பதில். அப்படியே ஏறி, இரண்டு ஐம்பதுக்கு நூறில். மூன்று மணிக்கு எங்கேயும் நிழல் இல்லை. இறங்கியிருந்தால் எண்பதில் தெரிந்திருக்கவேண்டும். காத்தாடி அந்த ஒரு மணி நேரத்தை அழித்து, முந்தின நாள் வரிகளை அங்கே ஒட்டிவிட்டார். ஒட்டும்போது அழுதார், ஆனாலும் ஒட்டினார்.

தங்கை தினமும் அவரைப் பிடித்துக்கொள்வாள்.

"துறையில வழுக்கி விழுந்தாருன்னா ஏறுற பெல்ட் எங்கண்ணா? வீட்லயும் இல்ல, ஆபீஸ்லயும் இல்ல. எங்க விழுந்தாருன்னு மட்டும் சொல்லு. அந்தத் திசையைப் பாத்தாவது அழுதுக்கிறேன்."

அவர் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

சரி, அந்த மதியத்துக்கு வருவோம். அளவெடுப்பின் கடைசி நாள். இறுகின கிண்ணத்தை அதற்குள் வேறு ஆள் ஏறிச் சரிசெய்துவிட்டான், புத்தகத்தில் எழுதித்தான். தடுப்புச் சுவரின் கோடியில் ஓர் இரும்புப் பெட்டி அறை. கம்பத்திலிருந்து வரும் வரிகள் அங்கே திரையில் விழும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடன் பத்திரம் கையெழுத்தாகவேண்டும். அதற்குள் 'புத்தகத்தில் உள்ளதைத் தவிர யாரும் கம்பத்தில் ஏறவில்லை' என்று காத்தாடி கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தார். வெளியே மூடுபனிச் சங்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊதியது. உள்ளே கம்ப்யூட்டர் மின்விசிறியின் உர்ர்ர்...

இரண்டு பத்து. இருபது மீட்டரில் கிழக்குக் கிண்ணம் குறைந்தது.

பறவை உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு இருபது. இருபதில் சரியாகிவிட்டது. நாற்பதில் குறைந்தது.

எந்தப் பறவை பத்து நிமிஷத்துக்கு ஒரு படியாக ஏறும்? படகுக்காரருக்குப் போன் போட்டார். "கம்பத்துல யாராவது இருக்காங்களா?"

"உங்களுக்கென்ன பைத்தியமா? இந்தப் பனியில எவன் போவான்? படகு என் கண்ணு முன்னாடிதான் கட்டிக் கிடக்கு."

இரண்டு முப்பது. அறுபது.

இரண்டு நாற்பதுக்கு நிழல் எண்பதில் இருந்தது. அப்போதுதான் அந்த வாசனை... லேசாக. ஈரத்தில் குழைந்த பவுடர் வாசனை.

இரண்டு ஐம்பது. நூறு. போன் அலறியது.

வங்கியிலிருந்து ஆய்வாளர் அம்மா. கறாரானவர், ஆனால் அன்றைக்குக் குரல் தன்மையாகத்தான் இருந்தது. "சார், போன மாசம் ஒரு மதியம், ரெண்டு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் முந்தின நாளோட அச்சு அசலா இருக்கே. அந்த நேரத்துல யாராவது ஏறியிருந்தாங்களா? இருந்தா சொல்லிடுங்க. ஒரு மணி நேரத்தை வெட்டினா கடன் ஒண்ணும் நின்னுடாது. பொய்யா ஒண்ணை ஒட்டி வைக்கிறதுதான் தப்பு."

ஒரு மணி நேரம். அவ்வளவுதான் விஷயம். சொல்லியிருக்கலாம். தங்கையின் முகம் கண்ணில் வந்து நின்றது. சொன்னால் அவளுக்கும் தெரியும், அனுப்பியது யாரென்று. திரையில் நூறாவது மீட்டரில் கிழக்குக் கிண்ணம் மெதுவாக... மெதுவாகச் சுற்றியது. ஏறினவர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது.

"யாரும் ஏறலம்மா" என்றார்.

கையெழுத்தைப் போட்டார். அனுப்பினார். திரும்பித் திரையைப் பார்த்தார்.

மூன்று மணி. எண்பது மீட்டர்.

அன்றைக்கு இறங்காதவர் இன்றைக்கு இறங்கினார்.

மூன்று பத்துக்கு அறுபது. மூன்று இருபதுக்கு நாற்பது. மூன்றரைக்கு இருபது. இதையெல்லாம் அவர் மறுபடி படகுக்காரருக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், குழந்தை பாடம் ஒப்பிப்பதைப் போல. மூன்று நாற்பதுக்குக் கம்பத்தில் நிழல் இல்லை. "கீழ வந்தாச்சு" என்றார். அப்புறம் பேச்சே இல்லை. சங்குச் சத்தம் மட்டும்...

படகுக்காரர் சுவரின் மேல் விழுந்தடித்து ஓடினார். கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. ஆளைக் கூட்டிவந்து உடைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. நாற்காலி மேஜையை ஒட்டி இழுத்துவிட்டபடியே இருந்தது. காத்தாடி இல்லை. நாற்காலியின் முதுகில், தோளைத் தொடுகிற உயரத்தில், வெள்ளையாகப் பவுடர் ஒட்டியிருந்தது.

அன்றைக்கே படகுக்காரர் தங்கையின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் அழவில்லை. எந்தத் திசை என்று மட்டும் கேட்டாளாம். வெளியே வந்து அந்தப் பக்கமே பார்த்தபடி விடியும்வரை நின்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். இதை என் நண்பன் சொல்லும்போது நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னான்.

மறுநாள் நாலு மணிக்கு, காத்தாடி போனை எடுக்கவில்லை என்று, வங்கி ஆய்வாளர் படகுக்காரரைப் போனில் கூப்பிட்டார். காத்தாடி காணாமல் போனது அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் அளவெடுப்பு முடிந்ததும் கம்பத்து வரிகள் நேராக அவர் திரைக்கே போக ஏற்பாடு. குரலில் கோபம்.

"அளவெடுப்பு முடிஞ்ச பிறகு ஏன் ஆள் ஏத்துறீங்க? ரெண்டு பத்துலருந்து ஒவ்வொரு மட்டத்துலயும் ரெண்டு கிண்ணமும் சேர்ந்தே குறையுது. பக்கத்துக்கு ஒருத்தரா ஏறியிருக்காங்க. மேற்குப் பக்கம் ஏணியே கிடையாதே, அந்தாளு எதைப் பிடிச்சு ஏறினாரு?"

படகுக்காரர் போனைக் காதில் வைத்தபடியே கம்பம் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, அதை விடுங்க" என்றார் அந்த அம்மா. இப்போது குரல் இறங்கியிருந்தது. "இறங்கும்போது கிழக்குக் கிண்ணம் மட்டும்தான் குறைஞ்சிருக்கு... இன்னொருத்தர் எங்க?"