ரத்தத்தில் கம்பி

மாலை 4.20. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் பேருந்து. முன் இருக்கையில் ஒருவர் தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார்.

“என் ரத்தத்துல கம்பி கீதாம்,” என்றார் பக்கத்திலிருந்த மனைவியிடம்.

“கம்பி கட்டுற ஆளுக்கு வேற இன்னா இருக்கும்?”

“சிரிக்காத. நரம்புக்குள்ள கம்பியாட்டம் ஒரு புரோட்டீன் தாங்கிக்கினு நிக்குதாம். நரம்பு இடிஞ்சா அது ரத்தத்துல கலந்துடுமாம். போன தபா ரத்த டெஸ்ட்ட விட இப்ப ஜாஸ்தின்னு டாக்டர் சொல்றாரு.”

“அப்போ இன்னும் இடிஞ்சிக்கினு கீதா?”

“ஆமா. மேஸ்திரியாண்ட சொல்லிடாத. வேலைய வுட்டு நிறுத்திடுவாரு.”

பேருந்து பெருநகர் ஊரைத் தாண்டியதும் அவர் போன் அடித்தது.

“நாளைக்கு கம்பி கட்ட வந்துடறேன், மேஸ்திரி,” என்றார் அவர்.

போனை அவர் காதில் பிடித்திருந்தது மனைவியின் கை.