ஏணிப் பக்கம் மட்டும்

கிடர்பூரிலிருந்து கரியாஹாட் போகும் பஸ். முன் சீட்டில் தமிழ்க்காரப் பெண்கள் இருவர்.

"காலனி நீச்சல் குளத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தேன்டி."

"ஐயோ, எதுக்கு?"

"உப்புலேர்ந்து குளோரின் எடுக்கற மெஷின் வச்சதுலேர்ந்து தரை அரிச்சுப் போச்சு, உப்புதான் காரணம்னு கமிட்டில சொல்றாங்க. நம்ம ரசத்துல இருக்கற உப்புகூட அதுல இல்ல."

"அப்புறம் எப்படி அரிச்சுது?"

"உப்புன்னா தரை பூரா அரிக்கணும்ல? ஏணிப் பக்கம் மட்டும்தான் சொரசொரன்னு புள்ளைங்க காலைக் கிழிக்குது. தண்ணியோட காரத்தைக் குறைக்க குளத்தைச் சுத்தி ஊத்த வேண்டிய ஆசிட்டை, செக்ரட்டரி, தினம் அங்கயே நின்னு ஊத்தறார்."

"செக்ரட்டரி உன் வீட்டுக்காரராச்சே!"

"வீட்டுல சொன்னேன், கேக்கல. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எழுந்து சொல்லப்போறேன். அங்க அவர் செக்ரட்டரி, நான் மெம்பர்."