மாப்பிள்ளைகிட்ட அப்பாயிண்ட்மெண்ட்

...அதுல உக்காராதம்மா, சொல்றத கேளு, அந்த மர நாற்காலில உக்காரு. இந்த சோபா ஆளையே முழுங்கிடும். பாக்க மெத்து மெத்துன்னு இருக்கேன்னு போன வாரம் உக்காந்தேன், எழுப்பி விட ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. இன்னிக்குத் தெரிஞ்சே வந்து விழுந்திருக்கேன். கிட்டக்க இருந்தது இதுதான். முட்டி தேஞ்ச கிழங்கட்டைகளுக்கு ஒத்தாசை பண்ற ஆபீஸ், அதுல இப்படி ஒரு சோபா. யாரு வாங்கிப் போட்டான்னு கேக்கறியா? எல்லாம் எங்க மாப்பிள்ளை வேலை.

ஆமா, உள்ள கண்ணாடி ரூம்ல இருக்காரே, இந்த அறக்கட்டளைக்கே தலைவரு, அவரேதான். என் பொண்ணக் கட்டினவரு. மெதுவாப் பேசு... சரி, நான்தான் பேசறேன். அந்த மேஜைல இருக்கற பொண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா எழுந்து நிக்கும், தண்ணி குடுக்கும், அப்புறம் உள்ள போய்ச் சொல்லிடும். நான் எல்லாரையும் போல போன் பண்ணி அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டு வந்திருக்கேன். பத்தரை மணி. இதோட மூணாவது தடவ. முதல் ரெண்டு தடவயும் கூப்பிடறதுக்குள்ள எழுந்து போயிட்டேன்.

ஒரே வீட்ல இருந்துகிட்டு எதுக்கு அப்பாயிண்ட்மெண்ட்டுன்னு உன் மூஞ்சி கேக்குது. இருபத்திரெண்டு வருஷமா நாங்க மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேரா உக்காந்து ஒரு வார்த்தை பேசினதில்ல தெரியுமா? அவர் ஹாலுக்கு வந்தா நான் அடுப்படிக்குப் போயிடுவேன். ஏதாவது சொல்லணும்னா பொண்ணுகிட்ட சொல்லுவேன், 'உன் வீட்டுக்காரருக்குக் காப்பி ஆறுதுன்னு சொல்லு'ன்னு. அவர் ரெண்டடி தள்ளிதான் நிப்பாரு, நல்லாவே காதுல விழும், ஆனா இவ திரும்பிச் சொன்னாதான் டம்ளர எடுப்பாரு. மரியாதையாம். இப்போ நான் சொல்ல வந்தது காப்பி ஆறுற விஷயம் இல்ல. பொண்ணு வழியா அனுப்ப முடியாது.

அவர் என்ன வேலை பாக்கறாருன்னே எனக்கு முதல்ல புரியல. சம்பந்தம் பேச வந்தப்போ கேட்டோம். 'கம்பெனிகளுக்கு யோசனை சொல்றேன்'னாரு. யோசனை சொல்லவா சம்பளம் குடுக்கறாங்க? எங்க தெருவுல அத்தனை பேரும் கேக்காமலே சும்மா சொல்றாங்களேன்னு என் வீட்டுக்காரர் கேட்டுட்டாரு. மாப்பிள்ளை சிரிக்கல. அவர் சிரிக்கறதுக்கு முன்னாடியே யோசிப்பாரு, அதுக்குள்ள நேரம் போயிடும்.

ஒரு தடவ என்ன பண்ணாரு தெரியுமா? ஞாயித்துக்கிழமை, வீட்ல சும்மா இருக்க முடியல. அடுப்படி வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, கைல நோட்டு. நான் தொட்டிக்கும் அடுப்புக்கும் எத்தன தடவ நடக்கறேன்னு எண்ணுறாரு. சாயங்காலம் பொண்ணுகிட்ட சொல்றாரு, 'அம்மா தேவையில்லாம நடக்கறாங்க, சாமானெல்லாம் இடம் மாத்தினா பாதி நடை மிச்சம்'னு. மாத்திட்டாங்க. உப்பு டப்பா எங்க போச்சுன்னு எனக்கு நாலு நாள் தெரியல. நாலு நாளும் உப்பில்லாமலே இறக்கி வச்சேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசல, அப்படியே சாப்பிட்டாரு. அவரோட திட்டமாச்சே, அவரே எப்படிக் குறை சொல்லுவாரு? அஞ்சாம் நாள் உப்பு டப்பா தானா பழைய இடத்துக்கு வந்திருந்துச்சு. யாரு வச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல யாரும் கேட்டதில்ல.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ம்... யோசனை. இங்க ஆத்தோரமா ஒரு சோப்பு ஃபாக்டரி இருந்துச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கயும் இவர்தான் போனாரு. மூணு மாசம் நோட்டும் கையுமா நின்னாரு. எங்க உப்பு டப்பா மாதிரியேதான், ஆனா அங்க நகத்தினது ஆளுங்கள. கடைசில முதலாளிகிட்ட ஒரு பேப்பர நீட்டினாரு. தொண்ணூறு பேர் வீட்டுக்குப் போனாங்க. அதுக்கு என்ன பேரு வச்சாரு தெரியுமா? 'சரியான அளவுக்குக் கொண்டு வர்றது'. என் ஜாக்கெட்டத் தைக்கக் குடுத்தாக்கூட தையல்காரர் அந்த வார்த்தைய இவ்வளவு கூசாம சொல்ல மாட்டாரு.

அப்புறம் அந்த முதலாளி ஃபாக்டரிய நல்ல விலைக்கு வித்தாரு. வித்தவருக்குத் தூக்கம் போயிடுச்சு. எத்தனையோ டாக்டர் பாத்தாங்க. அந்தத் தொண்ணூறு பேர் மூஞ்சியும் கண்ண மூடினா வருதுன்னாராம். வித்த காசுல இந்த அறக்கட்டளைய ஆரம்பிச்சாரு. நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது. நடக்க முடியாத வயசானவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வேன். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் கை கால் பயிற்சிக்கு. அந்தத் தொண்ணூறு பேர்ல ஒருத்தர, சோப்புப் பெட்டி ஏத்தி இறக்கிட்டிருந்தவர, தேடிப் பிடிச்சு டிரைவரா வச்சு, வேன் சாவிய அவர் கைலயே குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் தூங்கினாராம்.

தூங்கி எழுந்தவரு சும்மா இருக்கக் கூடாதா? தனக்கு வயசாச்சு, இதக் கட்டிக் காக்க ஒரு கெட்டிக்காரன் வேணும்னு யோசிச்சாரு. ஊரு பூரா ஆள் இருக்க, யாரக் கூப்பிட்டாரு சொல்லு? எந்த ஆளால அவருக்குத் தூக்கம் போச்சோ, அதே ஆளு! ஏன் சிரிக்கற? சிரிக்கலயா? சரி.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னாரு, 'இனிமே மனநிறைவுக்காக வேலை செய்யப் போறேன்'னு. என் பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி. மறுநாள்லேர்ந்து டை இல்ல. கசங்கின பருத்திச் சட்டை. அந்தச் சட்டைய நான் இஸ்திரி போட்டு வச்சுட்டேன்னு என் பொண்ணு என்கிட்ட ஒரு வாரம் பேசல. கசங்கலாவே விக்கறதாம், கோட்ட விட விலை ஜாஸ்தியாம்.

இங்க வந்த முதல் வாரம் பாரு, அந்தச் செவுரு பூரா கலர் கலரா சின்னச் சின்னப் பேப்பர் ஒட்டிட்டாரு. அதுவரைக்கும் நாங்க 'பெரியவங்க'. அதுக்கப்புறம் 'பயனாளி'. ஆமா, நானும் அந்த வேன்லதான் போவேன், என் முட்டிய நீதான் பாக்கறியே. தலைவரோட மாமியாருன்னு வேன்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஜன்னல் சீட்டு ஒரு நாள்கூடக் குடுத்ததில்ல.

பதினாலு பேரு நாங்க. மூணாவது மாடி டீச்சரம்மாவ அந்த டிரைவர் நாற்காலியோட தூக்கிட்டு இறங்குவாரு, ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. எங்ககூட வர்ற தையல்காரர் ஒருத்தருக்கு ஒரு கை தூக்க வராது, அவருக்குச் சட்டை பட்டன் போட்டு விடறதும் டிரைவர்தான். ஒரே ஒரு குறை, மனுஷனுக்கு வாய் மூடாது. நான் அதிகம் பேசறேன்னு என் பொண்ணு சொல்லுவா, அந்த ஆளு முன்னாடி நான் ஊமை. ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் அவர் பேச்சுதான். அவர் பொண்ணு படிக்கறது, வீட்டுக்குப் பின்னாடி வளக்கற முயலு, பொண்டாட்டிக்கு ஊசியப் பாத்தா மயக்கம் வர்றது... நான் ஒரு கதைய எடுத்தா பாதில புடுங்கிடுவாரு. சாவிய வேற எங்கயாவது வச்சுட்டுத் தேடுவாரு. அவர் தேடற நேரத்துலதான் எனக்குப் பேசவே வாய்ப்பு. இருந்தாலும் பாவமேன்னு நானே சிவப்புக் கம்பளி நூல்ல பெருசா ஒரு குஞ்சம் பண்ணி சாவில கட்டி விட்டேன். 'பெரியம்மா, இனிமே தொலையாது'ன்னு அதுக்கும் அரை மணி நேரம் பேசினாரு.

அப்போதான் வந்துச்சு மாப்பிள்ளையோட பேப்பர். ஆளுக்கொண்ணு. 'இந்தச் சேவையால் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு மாற்றம்? ஒன்று முதல் ஐந்து வரை.' எழுத்து கடுகு சைசு. வேன்ல இருக்கற பதினாலு பேர்ல அதப் படிக்கற மாதிரி கண்ணு இருந்தது எனக்கு மட்டும்தான், போன வருஷம்தான் ஆபரேஷன் ஆச்சு. எல்லாப் பேப்பரையும் என் மடில போட்டுட்டாங்க. 'நீங்களே போட்டுருங்க, உங்க மாப்பிள்ளை கேக்கறதுதான'ன்னு.

நான் என்னம்மா நெனச்சேன்... நீயே சொல்லு, எந்த ஆபீஸ்லயாவது 'நாங்க நல்லா இருக்கோம்'னு சொன்னா குடுப்பாங்களா? ஒண்ணும் சரியில்ல, கஷ்டம்னு அழுதாதான அடுத்தது வரும்? என் ஆயுசுல நான் பாத்த அத்தன ஆபீஸும் அப்படித்தான். அதனால பதினாலு பேப்பர்லயும் ஒண்ணு போட்டேன். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. ஒரு மாத்தமும் இல்ல, இன்னும் கஷ்டமாதான் இருக்கோம். அதப் பாத்துட்டு இன்னொரு வேன் விடுவாங்க, சீட்டாவது மாத்துவாங்கன்னு. பாதில பேனா மை தீந்துடுச்சு, மிச்சத்தப் பென்சில்ல போட்டேன்.

ம்? ஆமா... நான் என்ன போட்டேன்னு யாருக்கும் தெரியாது. இப்பதான் வாய் விட்டுச் சொல்றேன். உன்கிட்ட.

அத மட்டும் எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல. கீழ 'வேறு கருத்துகள்'னு ஒரு கோடு இருந்துச்சு. அன்னிக்கு அந்த டிரைவர் என் தம்பி கல்யாணக் கதைய நடுவுல புடுங்கிட்டாரு, நல்ல இடத்துல. அந்தக் கோவம். 'ஓட்டுநர் ரொம்பப் பேசுகிறார்'னு எழுதிட்டேன். ஒரு பேப்பர்ல எழுதினா என்னமோ எனக்கு மட்டும் தோணின மாதிரி இருக்குமேன்னு... ஆறு பேப்பர்ல எழுதினேன்.

அடுத்த மாசம் வெள்ளிக்கிழமை, டீச்சரம்மா மாடில காத்திருக்காங்க, மிச்ச பதிமூணு பேரும் தெருமுனைல நிக்கறோம். ஒரு மணி நேரம் நின்னோம். வேன் வரல. அப்புறம் கடுதாசிதான் வந்துச்சு, சேவை நிறுத்தப்பட்டதுன்னு. எல்லாரும் என் மாப்பிள்ளையத் திட்டித் தீத்தாங்க. நானும் சேந்து திட்டினேன். எல்லாரையும் விட சத்தமாத் திட்டினது நான்தான். டீச்சரம்மா கடைசியா வேன்ல போயிட்டு வந்து மாடி ஏறினவங்க, அஞ்சு வாரமாச்சு, இன்னும் கீழ இறங்கல. ஜன்னல்லேர்ந்து கை ஆட்டறாங்க.

வீட்ல ராத்திரி சாப்பாட்டுல மாப்பிள்ளை பெருமையாச் சொல்றாரு, பொண்ணுகிட்டதான், எனக்குக் கேக்கற மாதிரி. 'பதினாலு பேரும் ஒரே குரலா, இந்த வேனால ஒரு மாத்தமும் இல்லன்னு சொல்லியிருக்காங்க, இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு ஒத்த கருத்த நான் பாத்ததே இல்ல'ன்னு. அத வச்சு ஒரு படம் வரைஞ்சு பெரிய கூட்டத்துல காமிச்சாராம், கைதட்டினாங்களாம். ஒரே ஆளு, அந்த ஒரே டிரைவர ரெண்டு தடவ வேலைய விட்டு அனுப்பிட்டாரு. முதல் தடவ அவராப் பண்ணாரு. ரெண்டாவது தடவ நான் பேனா எடுத்துக் குடுத்தேன்.

மணி என்னாச்சு? பத்து இருபத்தஞ்சா? ஐயோ... இன்னும் அஞ்சு நிமிஷம்தான். என்னையே பேச விட்டுட்ட, உன்ன ஒரு வார்த்தை கேக்கல. நீ எதுக்கு வந்த? பயிற்சிக்கு யாரையாவது சேக்கணுமா? பையில என்ன தேடற, கவரா? மாப்பிள்ளைகிட்ட குடுக்கணுமா? மேஜைல அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தாலே...

அது என்னம்மா. அந்தக் கவருக்கு வெளிய தொங்குது.

அது என் குஞ்சம்.

...

ஊசியப் பாத்தா மயக்கம் வர்றது நீயா.

இல்ல, ஒண்ணும் சொல்ல வேணாம். நீ சொல்ல வேணாம். அவர் வரலயா... வர மாட்டாரு. இந்த ஆபீஸ் படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருப்பாரு. சாவியத் திருப்பிக் குடுக்க உன்ன அனுப்பினாரா? பேசறாரா வீட்ல? ...பேசறதில்லயா. அந்த ஆளா?

உள்ள வந்ததுலேர்ந்து நீ ஏன் வாய் திறக்கலன்னு இப்பதான் தெரியுது. நான் உன்ன உக்கார வச்சு உப்பு டப்பாக் கதை சொல்லிட்டிருக்கேன்.

மேஜைல இருக்கற பொண்ணு கூப்பிடுது பாரு. பத்தரை அப்பாயிண்ட்மெண்ட்... அது நான்தான். எழுந்து ஓடிடலாம்னு பாத்தா இந்த சோபா விடாது. ஒரு கை குடும்மா. குடுப்பியா? குடுக்காட்டியும் தப்பில்ல. ...ஆங். மெதுவா. இடுப்பப் பிடிக்காத, முழங்கையப் பிடி, அவர் அப்படித்தான் பிடிப்பாரு... நின்னுட்டேன், நின்னுட்டேன். நீயும் உள்ள வா, ரெண்டு பேரும் சேந்து... எங்க போற? ஏம்மா, சாவி. சாவிய என் கைல வச்சுட்டுப் போறியே. இந்தா, நில்லு...

போயிட்டா.

வரேம்மா, வரேன், காது கேக்குது. நோட்டுல என்ன எழுதணும்? வந்த விஷயமா? தலைவரோட சொந்தக்காரங்கன்னு எழுதாத. இப்படி எழுதிக்கோ. பதினாலு பேப்பரும் ஒரே ஆளோட கையெழுத்து, எட்டு பேனா, ஆறு பென்சில். இருபத்தஞ்சு வருஷம் படிச்சுப் படிச்சு யோசனை சொன்ன மனுஷன் அதப் பாக்கல, காமிக்க வந்திருக்காங்கன்னு எழுதிக்கோ. எழுதிட்டியா? சரி, அந்தக் கண்ணாடிக் கதவத் திற. என் ஒரு கைல தடி, ஒரு கைல சாவி.