பதினாறாம் நாள் வீட்டுக்குப் போன வாழ்த்து

— அந்த இங்கிலீசைத் தமிழ்ல சொல்லு, செல்வகணேஷ். ஃபோனைப் பாத்துட்டு முழிக்காத.

— 'உங்கள் மங்கள நாளில் எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. வாழ்த்துகள். வெகு சீக்கிரம் உங்கள் வீட்டில் இன்னொரு விருந்தில் சந்திப்போம்.' அவ்வளவுதான், அக்கா.

— அவ்வளவுதானா! லே, அது பதினாறாம் நாள் அடியந்திரம் கழிக்கிற வீடுடே. கரமனையில அந்த அம்மா புருசனைப் பறிகொடுத்து மூலையில உக்காந்திருக்கா. நான் சாம்பாரை இறக்கி வச்சிட்டு நிமிருதேன், அவளுக்க மகன் ஃபோனை எனக்க மூஞ்சிக்கு நேரா நீட்டுதான். "அடுத்த விருந்துக்கு இனி எங்க வீட்டுல ஆரு சாவணும், சொல்லுங்க"ன்னு கேக்கான்.

— அய்யோ.

— சாவு விழுந்த துட்டி வீட்டுல சோறு போட்டா, போறப்ப 'வாறேன்'னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாத்திரத்தை எடுத்துட்டு பின்வாசல் வழியாச் சத்தமில்லாம இறங்கிருவேன். எனக்க பேருல இப்பிடி ஒண்ணு போயிருக்கு. மானம் போச்சு மக்கா. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிக்காங்க.

— யாரும் வேணும்னு அனுப்பல அக்கா. வெப்சைட்ல யாரு புக் பண்ணினாலும், டெலிவரி முடிஞ்சதும் தானா போகும். ஆட்டோமேட்டிக்.

— தானா போகும், சரி. மங்களம்னு அதுவா நினைச்சுது? நீ எழுதி வச்சதுதானே?

— ஆமா.

— நான் என்ன சொல்லித் தந்தேன்? பதினாறு, நாப்பத்தொண்ணு, ஆண்டுத் திவசம், எல்லாத்துக்கும் சாப்பாடு செஞ்சு கொடுப்போம்னு போடச் சொன்னேனா இல்லையா?

— அதைப் போடல.

— பின்ன என்னத்தப் போட்ட?

— கல்யாணம். நிச்சயதார்த்தம். புதுவீடு பால்காய்ப்பு.

— கிறுக்குப் பயலே! தாலியறுத்தவளைக் கல்யாண வீட்டு அடுப்படியில ஆருடே ஏத்துவா? மச்சான் போன பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு ஆராவது என்னைய விளிச்சிருக்காங்களா? துட்டி வீடு மட்டுந்தான் எனக்குக் கதவைத் திறந்துச்சு. உன்னையப் படிக்க வச்சதும் அதுதான். உனக்குத் தெரியாதா?

— தெரியும் அக்கா.

— அந்த வெப்சைட்ல மேல ஒரு பொம்பளை நிக்காளே, தலை நிறைய பிச்சிப்பூவும் வச்சிட்டு. அவ ஆரு?

— அது சும்மா, நெட்ல எடுத்த படம்.

— எனக்க படம் வேணும்னு புதுச்சேலை கட்டி நிக்க வச்சியே. ஏழெட்டு எடுத்தியே.

— எடுத்தேன். வைக்கல. வெக்கமா இருந்துச்சு.

— என்னைய நினைச்சா?

— ஆமா. நீ என்னைய அடிச்சாலும் சரி. மாளவிகா அந்த சைட்டைப் பாப்பா, அவளுக்க அப்பாவும் பாப்பாரு. ஆபீஸ்ல ஒண்ணா வேலை பாத்து, இவ்வளவு நாள் போராடி இப்பதான் அவரு எங்க கல்யாணத்துக்குச் சரின்னுருக்காரு. சாவு வீட்டுக்குச் சோறு பொங்குற குடும்பம்னு தெரிஞ்சா அதோட தீந்துச்சு.

— அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?

— கேட்டரிங் என்னோடதுன்னு. ஆள் வச்சு நடத்துறேன்னு. அக்காவைத் திருநெல்வேலியில கட்டிக்கொடுத்திருக்குன்னு.

— மச்சான் உயிரோட இருக்காரா, அதுல?

— இருக்காரு.

— நல்லாருக்கட்டும்.

— அப்பிடிச் சொல்லாத அக்கா, எனக்குத் தாங்கல. இப்பவே எல்லாத்தையும் மாத்துறேன். கரமனைக்கு நானே போயி அவங்க கால்ல விழுறேன். மாளவிகாகிட்டயும் இன்னைக்கே உள்ளதைச் சொல்லிருதேன். சத்தியமா.

— கரமனைக்குப் போ. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத.

— ஏன்?

— காலையில அவ அந்த வெப்சைட் நம்பருக்கு விளிச்சா. உனக்குத் தெரியாம நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு நம்மகிட்டயே சொல்லணுமாம், உனக்கு எந்தப் பாயசம் பிடிக்கும்னு கேட்டா. நல்ல பிள்ளைடே, மரியாதையாப் பேசுதா. நான் 'எனக்க தம்பிக்கு அடைப்பிரதமன்னா உயிரு'ன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். "அவருக்க அக்கா திருநெல்வேலியிலல்லா இருக்காங்க, பின்ன நீங்க ஆரு?"ன்னு கேட்டா.

— நீ என்ன சொன்ன, அக்கா?

— இங்க எல்லாரையும் தம்பின்னுதான் சொல்லுவேன், நான் பாத்திரம் கழுவ நிக்கிறவளாக்கும் மோளேன்னு சொல்லிட்டேன்.