ஸ்டோர் ரூமில் ஒன்பது அதிர்வுகள்

மெஷின வெச்ச அன்னைக்கு இங்க இருந்தது அஞ்சு பேரும்மா. நான், என் வீட்டுக்காரி ராசம்மா, என் தங்கச்சி மக லோஷினி, அவளோட அதிர்வு புடிக்கிற மெஷின தூக்கிட்டு வந்த காளிதாஸ், அப்புறம் பக்கத்து வீட்டு மலர். மலருக்கு அங்க என்ன வேலைன்னு கேக்காதீங்க. இந்த லாயாங் லாயாங் ஊர்ல யாரு வீட்டுக்குள்ள பெட்டி போனாலும் அவங்களும் கூடவே போவாங்க. மத்த நாலு பேர்ல ஒருத்தராவது எனக்கு ஒழுங்கா வெளக்கிச் சொன்னாங்களா? இல்ல.

உக்காருங்க பிரவீனாம்மா. யுனிவர்சிட்டிலேர்ந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க... அந்த நாற்காலி வேணாம், ஆடும். அதையும் மெஷின் எழுதிக்கும்.

செகாமட்ல நடுங்கினாலும் நடுங்குச்சு, லோஷினிக்குப் பூகம்பத்தத் தவிர வேற பேச்சில்ல. ஜப்பான்ல அதுக்குன்னே மூணு வாரம் ஸ்கூலாம். பல நாட்டு சின்ன வயசு விஞ்ஞானிங்க வருவாங்களாம். டிக்கெட்டு, தங்குற எடம் எல்லாம் அவங்களே குடுக்குறாங்களாம். ஆனா சொந்தமா ரெண்டு மாசம் அதிர்வு புடிச்சுக் காட்டணுமாம். மாமா, உங்க ஸ்டோர் ரூம் தரை கெட்டி, ஆள் நடமாட்டம் இல்லன்னு வெச்சிட்டுப் போனா. ரயிலு போனா எழுதுமேன்னு நானே கேட்டேன். நேரம் தெரிஞ்சா கழிச்சிடலாம்னா. அத மனசுல வெச்சுக்குங்க.

நான் ரப்பர் ஃபேக்டரில முப்பத்தோரு வருஷம் தராசு பாத்தவன். பொறுப்புன்னு ஒன்ன குடுத்தா எப்படிப் பாக்கணுமோ அப்படித்தான் பாப்பேன். மொதல்ல ஒம்பது அதிர்வு சிக்கிருச்சுன்னு ஃபோன்ல குதிச்சா. அப்புறம் பாத்தா, அதுல எட்டு வெள்ளிக்கெழம சாயங்காலம். பூகம்பம் கெழம பாத்து வருமான்னு ஜப்பான்காரங்க கேட்டுட்டாங்க. எட்டு கெட்டதும் ஒம்பதாவத யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க காரணம் எழுதி அனுப்பலன்னா அவ எடம் வேற புள்ளைக்கு. நேத்துலேர்ந்து அவ சாப்புடல. ஸ்டோர் ரூமுக்குள்ள யாரு மாமா போனதுன்னு கேட்டா. மலரா இருக்கும்னு சொல்லிட்டேன்.

எழுதாதீங்கமா. மலர் பேர எழுதாதீங்க. நான்தான்.

ஃபேக்டரில தராசுக்குப் பொட்டு வெச்சு, வெள்ளிக்கெழம ஒரு தேங்கா ஒடைக்காம நாங்க விட்டதில்ல. இதுவும் மெஷின்தானே. பக்கத்துலேயே தரையில ஒடச்சேன். பூகம்பம் வரணும்னு வேண்டலமா. வந்தா புடிக்கணும்னுதான் வேண்டினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இந்தாங்க காலண்டரு. ஒவ்வொரு தேங்காய்க்கும் நேரம் போட்டிருக்கேன். ஆறு முப்பத்தொன்னு, ஆறு இருவத்தொம்போது, ஆறு முப்பது... உங்க பேப்பரோட ஒத்துப் பாருங்க. ஒத்து வருதில்ல? அப்போ ரயிலு மாதிரியே கழிச்சிடுங்க.

என்னது, ஒம்பதாவதும் என் தலையிலயா? அலமாக்... செவ்வாக்கெழம காலைல பத்து நாப்பத்தேழுக்கு நான் கோத்தா திங்கில, சித்தப்பா கருமாதில இருந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. சாவி என் பாக்கெட்ல. மலரா? அவங்களும் எங்ககூடத்தான் வந்தாங்க, கூப்புடாமயே.

நம்பலன்னா இந்தச் சாக்குல இருக்குற தேங்காய எண்ணுங்க. பன்னெண்டு வாங்கினேன், நாலு கெடக்கு. அப்ப ஒடச்சது எட்டுதானே.

யாருக்குமா ஃபோன் போடுறீங்க? குளுவாங்ல இதே மாதிரி மெஷின் வெச்சிருக்கவங்களுக்கா... அங்கயும் அதே செவ்வாக்கெழம பத்து நாப்பத்தேழா? நீங்க எங்க எந்திரிச்சிட்டீங்க? சரி, வாசல்ல நின்னு லோஷினிகிட்ட பேசுங்க, அங்கதான் லைன் கெடைக்கும். மொதல்ல அவள சாப்புடச் சொல்லுங்க. மலர்கிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன்... எப்படிப் பேசுறதுன்னுதான் தெரியல.

போயிட்டாங்க. ஒம்பதுல எட்டு என்னோடது.

மிச்சம் ஒன்னு.