சாவு வீட்டைக் கணக்கில் சேர்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, சித்திரபுரம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! வணக்கம் என்ற சொல்கூட இன்று வாயில் வரமாட்டேன் என்கிறது.

பேராசிரியர் சிவசங்கரி போய்விட்டார்! கொரோனா எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொன்னவரை அந்தக் கொரோனாவே கொண்டுபோய்விட்டது. கல்லூரியில் பக்கத்து நாற்காலியில் இருந்த என்னால் என்ன செய்ய முடிந்தது? ஒன்றும் முடியவில்லை.

அவர் கணக்கு எளிது. நோய் வந்த ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்? ஒன்றுக்கு மேல் போனால் பரவும். கீழே இறங்கினால் அடங்கும். வெளியிலிருந்து வந்த கணக்குகளில் சாலை இருந்தது, கடை இருந்தது, பஸ் இருந்தது. நம் சாவு வீடு இருந்ததா? பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவது இருந்ததா? லயத்தில் பிறந்த சிவசங்கரிதான் அதைச் சேர்த்தார். சேர்த்ததும் நோய் பரவலைக் காட்டும் கோடு கிடுகிடுவென்று ஏறியது. கணக்கில் சாலையை அடைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. துக்க வீட்டுக் கூட்டத்தை நிறுத்தினால்தான் இறங்கியது. அதிகாரிகள் அப்படியே உத்தரவு போட்டார்கள்.

அதில் முதலில் சிக்கியது, நெஞ்சு வலியில் இறந்த சங்கையா அண்ணன் வீடு. அவர் மனைவி முருகேஸ்வரி அக்கா வாசலில் நின்று, அதிகாரிகளோடு போயிருந்த சிவசங்கரியிடம் கேட்டார்: "எம் புருசனுக்கு அழ ஒரு பொம்பளையக்கூட விடமாட்டியா தாயி? ஒங் கணக்குல நாங்க மனுசங்க இல்லையா?"

"மனுசங்கன்னுதான்க்கா விடல" என்றார் சிவசங்கரி. ஜீப்பில் ஏறியபின் வழியெல்லாம் அழுதார்.

காய்ச்சல் அடங்கியது. ஊர் பாராட்டியதா? "ஒண்ணுமே வரலையே, எதுக்கு இம்புட்டுக் கெடுபிடி?" என்றது! வராமல் போன சாவை யாரிடம் எப்படிக் காட்டுவது?

கட்டுப்பாடு தளர்ந்தது; காய்ச்சல் திரும்பியது. மறுபடி லயம் லயமாகச் சொல்லப் போனவர் படுத்தார், எழவில்லை. அதற்குள் அவர் கேட்ட உத்தரவு மீண்டும் வந்திருந்தது. பெற்ற தாய் முத்துப்பேச்சி அம்மாள் தனியாக அழுதார். நாமெல்லாம் அவரவர் வாசலில் நின்று ஆம்புலன்ஸ் போவதைப் பார்த்தோம். வேறென்ன செய்ய முடிந்தது? இன்றுதான் கூடியிருக்கிறோம். அந்தத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதோ உட்கார்ந்திருப்பது முருகேஸ்வரி அக்கா.

சிவசங்கரி விட்ட இடத்திலிருந்து கணக்கை நான் தொடர்வேன். இது உறுதி. ஆனால் நாளை என் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், வருகிறவர்களைத் தடுப்பேனா? தெரியவில்லை, ஐயா! அந்த நெஞ்சுரத்துக்கு நான் எங்கே போவேன்?

அவரால் பிழைத்தவர் இன்னார் என்று எந்தக் கணக்கும் கைகாட்டாது. நானாக இருக்கலாம். முன்வரிசையில் இருக்கும் நீங்களாக இருக்கலாம். உங்கள் மடியில் தூங்கும் பிள்ளையாக இருக்கலாம். யாரென்று தெரியாததால், எல்லோரும் எழுந்து நிற்போம்.