மூன்றாம் ஆண்டில் ஒருத்தி

செலாயாங் பாசாரில் காய்கறி மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டு ரயிலில் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“புது ஸ்கூல்ல டீச்சர் யாரைக் கேள்வி கேட்டாலும் என் மகதான் பதில் சொல்றாளாம் அக்கா. திமிருன்னு திட்டிட்டாங்க.”

“ஏன் லா அப்படிப் பண்றா?”

“தோட்டத்து ஸ்கூல்ல மூணாம் ஆண்டுல இவ ஒருத்திதானே இருந்தா? எல்லாக் கேள்வியும் தனக்குத்தான்னு நினைச்சிட்டா. இப்போ வாயே தொறக்க மாட்டேங்கிறா. திரும்ப அங்கேயே சேர்த்துடப் போறேன்.”

“எங்க லா சேர்ப்பே? நீ கூட்டிட்டுப் போனதும் அந்த ஸ்கூலையே மூடிட்டாங்க. மேசை நாற்காலி ஏத்த நாளைக்கு எங்க வீட்டுக்காரரு லோரிதான் போகுது. காலையில கிள்ளான் ஸ்டேஷன்ல கூலிக்கு ஆள் பிடிக்கணும்னாரு.”



மறுநாள் காலை அந்த லோரியில் ஏறினேன். மேசைகள் சிறியவை. ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்க முடிந்தது.